இருநூற்று ஐம்பத்தைந்துக்கு அப்புறம்

முதல்லயே சொல்லிடறேன். எனக்குக் கோபம் சட்டுன்னு வரும், மன்னிப்பு கேக்கறதுக்கு மட்டும் நாளாகும். இதை நான் மன்னிப்பு கேக்கறதுக்காகச் சொல்லல. யார்கிட்ட கேக்கணும்னே இன்னும் பிடிபடல, அதனால சொல்றேன்.

என் பேரு உமையாள். இருபத்தொரு வருஷமா குரல்ல வேலை. பாட்டு டீச்சரான்னு கேக்காதீங்க, பொண்ணு பாக்க வந்தவங்கள்லேர்ந்து பாஸ்போர்ட் ஆபீஸ்காரர் வரைக்கும் கேட்டாச்சு. நீங்க போன்ல பேசினா அந்தக் குரலை நறுக்கி, சுருக்கி, அனுப்பி, அந்தப் பக்கம் மறுபடி குரலாக்கற புரோகிராமுக்கு கோடெக்னு பேரு. அதை சி மொழியில எழுதறவ நான். அது ஒழுங்கா வேலை செஞ்சா நான் ஒருத்தி இருக்கறதே யாருக்கும் தெரியாது. அந்த வாரம் தெரிஞ்சுது.

புதன்கிழமை மத்தியானம் பத்ரி கூப்பிட்டார். என் மேனேஜர். என்னைவிட ஆறு வயசு சின்னவர், அந்தக் கடுப்பு எனக்குத் தனியா உண்டு.

"உமையா, நீங்க தூத்துக்குடி பக்கம் போகணும். இன்னைக்கே கிளம்பணும்."

"நான் எதுக்கு? சர்வீஸ் ஆளுங்க எல்லாம் செத்தா போயிட்டாங்க?"

"விளையாடாதீங்க. புன்னைத்துறைன்னு ஒரு ஊர். ஒரு மீனவர் நேத்திலேர்ந்து காணோம். வள்ளத்துல இருந்தது நம்ம செட்டு. கடைசியா சம்சாரத்துகிட்ட பேசியிருக்கார். எப்ப வரைக்கும் பேசினார்னு தேடறவங்க கேட்டாங்க, பன்னண்டு இருபதுன்னு நாம சொன்னோம். அந்தம்மாவும் அதேதான் சொல்றாங்க. அந்த நேரத்தை வெச்சுக் கணக்குப் போட்ட இடத்துல ஒண்ணுமே இல்ல. ஒரு பலகைத் துண்டுகூட இல்ல."

"அப்ப கணக்கு போட்டவங்களைக் கேளுங்க."

"அவங்க நம்மளைக் கேக்கறாங்க."

எங்க செட்டு செயற்கைக்கோள் வழியா பேசறது. சின்ன ஃபைபர் வள்ளத்துல போறவர்கூட ஒண்ணைக் கழுத்துல மாட்டிக்கலாம், வீட்டுல ஜோடியா இன்னொண்ணு இருக்கும். லைன் போடற நிமிஷத்துல வள்ளம் எங்க இருக்குன்னு அனுப்பும், அதுக்கப்புறம் அனுப்பாது. பேட்டரியை மிச்சம் பிடிக்க யாரோ ஒரு புத்திசாலி எடுத்த முடிவு. அதனால செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அந்த மனுஷன் கரையிலேர்ந்து எழுபது கிலோமீட்டர் தூரத்துல இருந்தார்னு தெரியும். மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகம், ஆறேகால் மணி நேரம்னா கிட்டத்தட்ட வீட்டு வாசலுக்கே வந்திருக்கணும். அங்கதான் தேடிக்கிட்டு இருந்தாங்க.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் புன்னைத்துறையில இறங்கினேன். கோயிலுக்குப் பின்னாடித் தெருவுல நாலாவது வீடு. சலேத்மேரின்னு பேரு, நாற்பது வயசு இருக்கும், அங்கன்வாடியில ஆயா வேலை. அழுது அழுது முகம் வீங்கியிருக்கும்னு நினைச்சுட்டுப் போனேன். அந்தம்மா அடுப்படியில நின்னு மசாலா டப்பாவையெல்லாம் இறக்கித் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. துடைச்சதையே மறுபடி துடைச்சாங்க.

"செட்டு கம்பெனிலேந்தா? இன்னா, இதான்." அலமாரியில மஞ்சப்பொடி டப்பாவுக்குப் பக்கத்துல இருந்ததைக் காட்டினாங்க. "நான் தொடல மேடம். திரும்பக் கூப்புட்டுப் பாத்தேன், அம்புட்டுத்தான்."

"எத்தனை மணிக்கு லைன் போட்டீங்கம்மா?"

"காலைல ஆறு மணிக்கு அவியதான் போட்டாவ. வலையை வாங்கியாச்சு, திரும்புதேன்னாவ. கூடப் போற பையனுக்குக் காய்ச்சல், அன்னைக்கு ஒத்தைலதான் போனாவ."

"வெச்சது?"

"பன்னண்டு இருவதுக்கு. பிள்ளையளுக்கு சோறு போடணும், போயிட்டு வாரேன்னேன். சரின்னாவ. வெச்சிட்டேன்."

"ஆறு மணி நேரம் பேசினீங்களா ரெண்டு பேரும்?"

அந்தம்மா என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. கல்யாணம் ஆகாதவன்னு அப்பவே கண்டுபிடிச்சிருப்பாங்க.

"ஆறு மணி நேரம் பேச என்ன இருக்கு மேடம்? லைன் கெடக்கும், அவ்வளவுதான். இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் அப்படித்தான். வள்ளம் திரும்புனா லைனைப் போட்டுருவாவ, கரையில வந்து முட்டுத வரைக்கும் கெடக்கும். இங்க குக்கர் விசில் அடிச்சா அவியளுக்குக் கேக்கும். அங்க எஞ்சின் சத்தம் எனக்குக் கேக்கும். நடுவுல ஏதாவது தோணினா சொல்லுவேன். அவிய ம்பாவ. கல்யாணமாயி பதினெட்டு வருசத்துல அவிய ம்முக்கு மேல பேசினதே எண்ணிப்புடலாம்."

அந்த ஆறு மணி நேரம்தான் எனக்கு உறுத்திச்சு.

ஏன்னு சொல்றேன். எங்க ஆபீஸ்ல ஒரு கால்னா சராசரி நாலு நிமிஷம். எல்லாச் சோதனையும் அந்த நாலு நிமிஷத்துக்குத்தான். லைனைப் போட்டுட்டு ஆறு மணி நேரம் சும்மா விடுவாங்கன்னு நாங்க யாரும் நினைச்சதில்ல. பதினாலு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதின ஒரு வரி ஞாபகம் வந்துது. அந்த வரிக்கு மேல நானே இங்கிலீஷ்ல ஒரு குறிப்பு எழுதி வெச்சிருந்தேன், இவ்வளவு நேரம் யாரும் காத்திருக்க மாட்டாங்கன்னு. எழுதினப்ப ரொம்பக் கெட்டிக்காரின்னு நினைப்பு.

"அம்மா, வந்த குரல் ஒரு நாள் அளவுக்கு இந்தச் செட்டுக்குள்ளயே பதிவா இருக்கும். லைன் வெச்சதுக்கப்புறம் வேற பேசலைன்னா அழியாது. நான் எடுத்துக் கேக்கலாமா?"

"நான் பேசினதுமா?"

"இல்ல. அவர் குரல் மட்டும்தான். நீங்க பேசினது இதுல பதிவாகாது."

கொஞ்சம் யோசிச்சாங்க. "கேளுங்க"ன்னாங்க.

கீழ உக்காந்து லேப்டாப்பை மாட்டினேன். காதுல ஹெட்போன். எஞ்சின் சத்தம், காத்து, நடுவுல ஒரு கரகரப்பான ஆம்பளைக் குரல். ம். சரி. அதுக்கென்ன. பாத்துக்கலாம். மறுபடி ம். பதினோரு மணிக்கும் இருக்கு, பன்னண்டு மணிக்கும் இருக்கு. உசிரோட ஒரு மனுஷன் அந்தப் பக்கம் இருக்கற மாதிரிதான் இருந்துது. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நான்தான் வீணா பயப்படறேனோன்னு.

சலேத்மேரி எதிர்ல வந்து உக்காந்தாங்க. "என்ன பாக்கீய?"

"ஒரு நொடிக் குரலை அம்பது துண்டா வெட்டித்தான் அனுப்புவோம்மா. வழியில ஒண்ணு ரெண்டு துண்டு தொலையும். தொலைஞ்ச இடத்தை அப்படியே விட்டா கொரகொரன்னு வெட்டி வெட்டிக் கேக்கும். அதனால உங்க செட்டே ஒரு ஒட்டுப் போடும். முன்னாடி அவர் பேசினதை வெச்சு, அவர் குரல்லயே."

"துணில ஓட்டைக்கு ஒட்டுப் போடுத மாதிரி."

"அதேதான். முன்னெல்லாம் ஒரு எழுத்து ரெண்டு எழுத்துக்குத்தான் ஒட்டு. கடல்ல அலை தூக்கிப் போட்டா ரெண்டு மூணு நொடி போயிடுது, அதனால பெருசா ஒட்டப் பழக்கினோம். ஒவ்வொரு ஆளும் அடிக்கடி சொல்றதுல நாற்பது வார்த்தையைச் செட்டு எடுத்து வெச்சுக்கும். உங்க வீட்டுக்காரருக்கு இந்த ம், சரி, பாத்துக்கலாம். துண்டு வரலைன்னா அதுலேர்ந்து ஒண்ணை எடுத்துப் போடும். பின்னாடி எஞ்சின் சத்தமும் சேத்துப் போடும்."

"நான் பேசிட்டு இருக்கையில?"

"குறுக்க விழாது. நீங்க முடிக்கற வரைக்கும் சும்மா இருந்துட்டு அப்புறம்தான் போடும்." அதையும் நான்தான் எழுதினேன். மரியாதையா இருக்கட்டும்னு.

"அப்ப ஆளே இல்லேன்னாலும் பேசுமா?"

"பேசக்கூடாது. துண்டு தொடர்ந்து தொலைஞ்சா எத்தனைன்னு எண்ணிக்கிட்டே வரணும், எண்ண எண்ணக் குரலைக் குறைச்சு அஞ்சு நொடியில ஊமையாக்கணும். அதுக்கு ஒரு எண்ணிக்கைப் பெட்டி இருக்கு. நான் சின்னப் பெட்டியா வெச்சுட்டேன். இருநூத்தி அம்பத்தஞ்சு வரைக்கும்தான் அதுல எண்ண முடியும். அடுத்தது வந்தா பெட்டி பழையபடி பூஜ்யம் ஆயிடும்."

"பூஜ்யம் ஆயிட்டா?"

"ஆயிட்டா... இப்பத்தான் மொதத் துண்டு தொலையுதுன்னு செட்டு நினைச்சுக்கும். முழுக் குரல்ல மறுபடி ஆரம்பிக்கும். அஞ்சு நொடிக்கொரு தடவை. நாள் பூரா."

அந்தம்மாவுக்குப் புரிஞ்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியல. கொஞ்சம் குறைஞ்சு, கொஞ்சம் நின்னு, மறுபடி ஒரு ம். ஒரு மனுஷன் காது குடுத்துக் கேக்கற மாதிரியே இருக்கும். திட்டம் போட்டு எழுதியிருந்தாக்கூட அவ்வளவு இயற்கையா எனக்கு வந்திருக்காது.

கண்டுபிடிக்கறது கஷ்டமே இல்ல. மனுஷன் ஒரு ம்மை ரெண்டு தடவை ஒரே மாதிரி சொல்லவே மாட்டான். மூச்சு மாறும், தொண்டை மாறும். மெஷின் போட்ட ம் மட்டும்தான் அச்சு அசலா ஒண்ணாவே இருக்கும். ஒப்பிட்டுப் பாக்க பத்து வரி எழுதி ஓடவிட்டேன். ஒன்பது பதினாலு வரைக்கும் எல்லாம் வேற வேற ம். அதுக்கு மேல ஒரே ம், முந்நூத்துச் சொச்சம் தடவை. மறுபடியும் ஒரு தடவை ஓட்டினேன். அதேதான்.

"ஒன்பது பதினாலும்மா. அதுக்கப்புறம் அவர் இல்ல."

"இல்லன்னா?"

"ஐயோ, அப்படி இல்ல. அவர் லைன்ல இல்லன்னேன்."

"அப்ப பன்னண்டு இருவது வரைக்கும் எங்கூட பேசினது யாரு?"

யாருமில்லன்னு சொல்றதா, மெஷின்னு சொல்றதா. "நான்தாம்மா"ன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியல, ஆனா அதுதான் வாயில வந்துது.

சலேத்மேரி எழுந்து போயி ஒரு சொம்புத் தண்ணியை நின்னுக்கிட்டே குடிச்சாங்க. திரும்பி வந்து, "பத்து மணிக்கு ஒண்ணு சொன்னேன். அதுக்குப் பதில் சொன்னதும் நீங்கதானா?"ன்னாங்க.

"என்ன சொன்னீங்க?"

"அவிய தம்பி வியாகுலம்னு ஒருத்தன். போலீஸ் கேசுல இவியளுக்கு எதிரா சாட்சி சொல்லிட்டான். ஆறு மாசம் உள்ள கெடந்தாவ. பதினோரு வருசமாச்சு, அவன் மூஞ்சில முழிக்க மாட்டாவ, இந்த வீட்டுல அவன் பேரையே எடுக்கக்கூடாது. அவன் இப்ப கண்ணு தெரியாம கெடக்கான். பொண்டாட்டியும் போயிட்டா. நாலு வருசமா நான் ஒளிஞ்சு ஒளிஞ்சு போயி அவனுக்குக் கஞ்சி வெச்சிக் குடுத்துட்டு வாரேன். அன்னைக்கு என்னமோ மனசு கேக்கல. மூஞ்சியப் பாத்துச் சொல்லத்தான் பயம், லைன்ல சொல்லிப்புடலாம்னு சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொன்னேன்."

"அவர்?"

"சரின்னாவ. கொஞ்சம் பொறுத்து, அதுக்கென்னன்னாவ. நான் இந்த அடுப்படியிலயே உக்காந்து அழுதேன் மேடம், சந்தோசத்துல. ரெண்டு நாளா அத நெனச்சுத்தான் நிக்கேன். போனாலும் மனசு ஆறிப் போயிருக்காவன்னு."

எனக்கு அழுகையும் வந்துது, எரிச்சலும் வந்துது, யார் மேல எரிச்சல்னு தெரியல. நான் லேப்டாப்பை மூடி, ஒண்ணுமில்ல, சரியாத்தான் இருக்குன்னு சொல்லிட்டு எந்திரிச்சிருந்தா அந்தச் சரி அந்தம்மாகிட்டயே இருந்திருக்கும். அவர் எங்கயோ மிதந்துட்டு இருந்தா மிதந்துக்கிட்டேதான் இருந்திருப்பார். இதுல யோசிக்க ஒண்ணுமில்ல, ஆனாலும் ஒரு நொடி யோசிச்சேன். அதை மறைக்க மாட்டேன்.

"அது பொய்தானா? நல்லாப் பாத்தீயளா?"

"ரெண்டு தடவை பாத்தேன். பொய்தாம்மா."

"சந்தேகமே இல்லியே?"

"இல்ல."

"அப்ப நல்லதுதான்"னாங்க. எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல. அந்தம்மா என் போனைக் காட்டி, "பொய்யா இருந்தாத்தான் வேற எடத்துல தேடுவாவ. கூப்புடுங்க"ன்னாங்க. "அவிய சரின்னு சொல்லுத ஆளா? எனக்கு அப்பவே ஒரு மாதிரித்தான் இருந்துது."

நான் முதல்ல பத்ரியைத்தான் கூப்பிட்டேன். பழக்கதோஷம். முழுசும் கேட்டுட்டு அவர் ஒரு ம் போட்டார், இதுவும் ஒட்டுப் போட்டதோன்னு பாத்தேன்.

"உமையா, நாற்பதாயிரம் செட்டு வெளியில இருக்கு."

"தெரியும்."

"வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்வோம். சாயந்திரத்துக்குள்ள. எழுத்துல எதுவும் குடுத்துடாதீங்க."

"பத்ரி, அந்த ஆளு செவ்வாய்க்கிழமைலேர்ந்து தண்ணியில கெடக்கார். நீங்க வக்கீல் வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டறதுக்குள்ள அவர் போயிடுவார். வேலையைவிட்டுத் தூக்கறதா இருந்தா தூக்கிக்குங்க, எனக்கும் உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு."

அப்படியே வெச்சுட்டு தேடுதல் அறைக்குப் போட்டேன். அங்க இருந்த அதிகாரி பொறுமைசாலி. "நேத்து வரைக்கும் பன்னண்டு இருபதுன்னீங்களேம்மா"ன்னு மட்டும் கேட்டார். தப்பு என்னோடதுன்னு சொன்னேன். எழுத்துல வேணும்னார். அங்கயே தரையில உக்காந்து மெயில் அடிச்சேன். கரையிலேர்ந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர், அங்கேர்ந்து ரெண்டு நாள் நீரோட்டம் எங்க இழுக்கும்னு அவங்க கணக்குப் போட்டாங்க. தெற்கால வெகுதூரம் தள்ளிப் போச்சு. ரெண்டு நாளா யாருமே எட்டிப் பாக்காத இடம்.

அன்னைக்குப் பகல் பூரா அந்த வீட்டுலயே இருந்தேன். வெளியில போகவும் கால் வரல, உள்ள இருக்கவும் முகம் இல்ல. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க வந்து வந்து பாத்துட்டுப் போனாங்க. நான் யாருன்னு அவங்க கேட்டதுக்கு சலேத்மேரி, "கம்பெனிக்காரவ, நமக்கு ஒத்தாசைக்கு வந்திருக்காவ"ன்னு சொன்னாங்க. அதைக் கேக்கறதுக்குப் பதிலா ரெண்டு அறை விட்டிருந்தா தேவலைன்னு இருந்துது. மத்தியானம் எனக்குச் சோறும் போட்டாங்க, வேண்டாம்னு சொல்லத் தைரியம் இல்லாம சாப்பிட்டேன்.

பத்ரியைப் பத்தி ஒண்ணு சொல்லணும். மூணு மணிக்கு அவரே கூப்பிட்டு, வக்கீல் கிடக்கட்டும், திருத்தத்தை அனுப்புங்க, நான் கையெழுத்துப் போடறேன்னார். நான் பெட்டியைப் பெருசாக்கினேன். ஒரே ஒரு வார்த்தை மாத்தணும், அவ்வளவுதான். நாலு மணிக்கெல்லாம் நாற்பதாயிரம் செட்டுக்கும் போய்ச் சேந்துடுச்சு. இனிமே துண்டு தொலைஞ்சா அஞ்சு நொடி, அப்புறம் சுத்தமா ஊமை. பதினாலு வருஷம் கழிச்சு ஒரு வேலையை ஒழுங்கா முடிச்ச நிம்மதி எனக்கு.

சாயந்திரம் அஞ்சு பத்துக்கு ஆள் கிடைச்சார். கவிழ்ந்த வள்ளத்து மேல குப்புறப் படுத்திருந்தாராம். உசிர் இருந்துது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமலே ஊருக்கு பஸ் ஏறியிருக்கலாம். அந்த மனுஷன் கால்ல விழுந்துடணும்னு ஒரு எண்ணம், விழ மாட்டேன்னு எனக்கே தெரியும். கட்டில்ல சலேத்மேரியோட வீட்டுக்காரர் இஞ்ஞாசி படுத்திருந்தார். தோலெல்லாம் உரிஞ்சு, உதடு வெடிச்சு, கையில குளுக்கோஸ். பக்கத்து ஸ்டூல்ல சலேத்மேரி. நான் யாருன்னு சொன்னாங்க.

"செட்டு கம்பெனியா?" எந்திரிக்கப் பாத்தார். "வாங்க, வாங்க. உங்க செட்டுதாம்மா என்னையக் காப்பாத்துச்சு."

கிண்டல் பண்றாரோன்னு சலேத்மேரியைப் பாத்தேன். அவங்களும் புரியாமதான் உக்காந்திருந்தாங்க.

"ஒரு மரக்கட்டை மெதந்து வந்து அடிச்சிப்புட்டு"ன்னார். "ஏரியல் கம்பி மொதல்ல முறிஞ்சுது, பொறவு வள்ளம் கவுந்துது. செட்டு கழுத்துலயே தொங்குச்சு. எல்லாம் போச்சுன்னுதான் நெனச்சேன். பாத்தா இவ பேசுதா. சொல்லுங்க, கேக்குதேன்னு பேசுதா. பின்னால குக்கர் விசில் அடிக்கி. நான் உசிரோடத்தான் இருக்கேன், ஆள அனுப்புன்னு கத்துனேன். சரிங்கன்னா. சாயந்திரம் வரைக்கும் வைக்கவே இல்லயே இவ. பொழுது சாய பேட்டரி போச்சு. அதுக்குள்ள எனக்குத் தெம்பு வந்துட்டு, இவ ஆள அனுப்பிட்டா, வந்துருவாவன்னு. அதாம் கைய விடல. அவ அப்படி விடாமப் பேசலன்னா மொத நாளே விட்டிருப்பேன்."

கம்பி முறிஞ்ச செட்டு. அதுக்கு ஒரு துண்டும் வந்திருக்காது. அந்தச் செட்டுலயும் என் புரோகிராம்தான், அதே சின்னப் பெட்டிதான், சலேத்மேரியோட நாற்பது வார்த்தைதான். இந்தப் பக்கம் அடுப்படியில இவங்க, அந்தப் பக்கம் தண்ணிக்குள்ள அவர். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல என்கிட்ட பேசிக்கிட்டு இருந்திருக்காங்க. நேத்து நாலு மணிக்கு நான் சரி பண்ணினதை நினைச்சேன். இனிமே எவனாவது அப்படித் தண்ணியில கெடந்தா அவனுக்கு அஞ்சு நொடிதான். நான் செஞ்சது சரியா தப்பான்னு அந்தக் கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு எனக்குச் சத்தியமா விளங்கல, இன்னைக்கும் விளங்கல.

உண்மையைச் சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். இஞ்ஞாசி அதுக்குள்ள பொண்டாட்டி பக்கம் திரும்பிட்டார். பதினெட்டு வருஷமா ம்முக்கு மேல பேசாதவர்னு சொன்னாங்களே, அவர் கண்ணு கலங்கிப் போயிருந்தது.

"சலேத்து, அன்னைக்கு நான் ஒண்ணு சொன்னேம்லா. உங்கிட்ட ஒருநாளும் சொல்லக்கூடாதுன்னு வெச்சிருந்தேன். சாவப் போறோம்னுதான் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுப்புட்டு நீ சரிங்க, விடுங்கன்னியே. அப்ப தண்ணியிலகூட எனக்குக் குளிரல. நீ நெசமாத்தான் சொன்னியாட்டி?"

சலேத்மேரி என்னைப் பாத்தாங்க. நான் பாத்தது எங்கேன்னு ஞாபகம் இல்ல, தரையையா இருக்கும்.

"நெசமாத்தான் சொன்னேன்"னாங்க. "ஒறங்குங்க."

அவர் கண்ணை மூடினார். சின்னப் புள்ள மாதிரி உடனே தூங்கிட்டார். தம்பி விஷயத்தை அந்தம்மா சொல்லல. சொல்லணும்னா அன்னைக்கு அவர் அதைக் கேக்கவே இல்லைங்கறதையும் சொல்லணும், அதைச் சொன்னா அவர் சொன்னதை இவங்க கேக்கலைங்கறதும் கூடவே வெளியில வந்துடும். நான் பையை எடுத்துட்டுக் கிளம்பினேன். பின்னாடியே வந்தாங்க, மாடிப்படிகிட்ட நிறுத்தினாங்க.

"மேடம், அவிய செட்டு கெடச்சிருக்கு. அதுல இருக்குமா, அவிய என்ன சொன்னாவன்னு?"

"இருக்காதும்மா. வந்த குரல்தான் பதிவாகும். அதுல நீங்க பேசின மாதிரி நாங்க போட்டதுதான் இருக்கும். அவர் பேசினது எங்கயுமே இல்ல."

"நீங்க எப்படியாவது எடுக்க முடியாதா?"

"முடியாது."

அந்தம்மா தலையாட்டினாங்க. முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு அந்த வார்டு வாசலைத் திரும்பிப் பாத்தாங்க, மறுபடி என்னைப் பாத்தாங்க. கோபமா கேக்கல, ரொம்ப மெதுவாத்தான் கேட்டாங்க.

"அப்ப நான் எதுக்கு மேடம் சரின்னு சொன்னேன்?"